அமெரிக்க நிர்வாக ஆணை: தலைப்பை விடுங்கள், எந்த மணியிலிருந்து, யார் தலையில்?

4 ஏப்ரல் 2025, காலை (கேள்வி, திருப்பூரிலிருந்து)

நேற்று முன்தினம் இறக்குமதித் தீர்வை (டியூட்டி) பற்றி டிரம்ப் கையெழுத்துப் போட்டது நிர்வாக ஆணைதானே, காங்கிரஸ் நிறைவேற்றிய சட்டம் இல்லையே. கோர்ட்டில் நிற்காது, இரண்டு மாதம் பொறுங்க என்று எங்கள் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். தூத்துக்குடியில் இரண்டு பெட்டி ஏற்றத் தயாராக நிற்கிறது. இன்னொரு சிக்கலும் இருக்குங்க. எங்கள் அமெரிக்கப் பையர் (சரக்கு வாங்குபவர்) ஒருவர் நம்மிடம் வாங்கும் பனியனில் கொஞ்சத்தை அங்கே அரசு ஆஸ்பத்திரிக்கும் சப்ளை செய்கிறார். "அரசு ஒப்பந்தத்தில் விலை ஏற்ற முடியாது, நீங்கள்தான் குறைக்கணும்" என்கிறார். இது உண்மையா?

4 ஏப்ரல் 2025, மாலை

கோர்ட்டில் நிற்குமா என்பது ஒரு கேள்வி. நாளைக்கு டியூட்டி கட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் நஷ்டம்.

பெரும்பாலான நாடுகளின் சரக்குக்கு 10% அடிப்படைத் தீர்வை, சில நாடுகளுக்கு அதைவிடக் கூடுதலான தனி விகிதம் என்று வைக்கும், 14257 எண்ணுள்ள இந்த ஆணை 1977-ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதார அதிகாரச் சட்டத்தின் மேல் நிற்கிறது. இறக்குமதியை ஒழுங்குபடுத்தலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. தீர்வை என்ற சொல்லே அதில் இல்லை. வழக்கு வந்தால் அந்த இடத்தில்தான் வரும். ஆனால் வழக்கு முடியும்வரை ஆணை காத்திருக்காது. சுங்கத் தீர்வைப் பட்டியலின் 99-ஆம் அத்தியாயத்தில் புது எண்கள் ஏறிவிட்டன. உங்கள் பையரின் கஸ்டம்ஸ் புரோக்கர் சட்டையின் வழக்கமான எண்ணோடு அந்த 99 எண்ணையும் சேர்த்துத்தான் தாக்கல் செய்தாக வேண்டும்.

இப்போது உங்கள் பெட்டிக்கு முக்கியமானது நேரம். அமெரிக்கக் கிழக்கு நேரப்படி 5 ஏப்ரல் நள்ளிரவு 12:01, நம் கடிகாரத்தில் காலை 9:31. அதற்குள் கப்பலில் ஏறி வழியில் இருக்கும் சரக்குக்கு அந்த 10% கிடையாது. ஏறியது என்றால் பெட்டி துறைமுக யார்டுக்குள் போனது அல்ல, பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதில்) உள்ள ஆன்போர்டு தேதி. ஃபீடரில் (சிறு கப்பலில்) கொழும்பு போய்த் தாய்க்கப்பல் மாறும் பெட்டி என்றால் இரண்டு கப்பலின் ஏற்றத் தேதியையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புரோக்கர் கேட்பார்.

அரசு ஒப்பந்தம் பற்றிய பாதிக்குத் தனியாக எழுத வேண்டும்.

6 ஏப்ரல் 2025

இந்தியாவுக்கு 26-ஆ 27-ஆ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். மேடையில் காட்டிய அட்டையில் 26. ஆணையோடு வந்த பின்னிணைப்பில் முதலில் 27 இருந்தது, பிறகு 26 என்று திருத்தினார்கள். மேடையில் சொன்னதையோ செய்தித் தலைப்பையோ வைத்து விலை போடாதீர்கள். பின்னிணைப்பில் உள்ளதுதான் எண், அதுவும் நீங்கள் பார்க்கும் நாளில் உள்ள பதிப்பு.

10 ஏப்ரல் 2025

நேற்று அமலுக்கு வந்த நாடுவாரி விகிதம் நேற்றே நின்றுவிட்டது. சீனாவைத் தவிர மற்றவர்களுக்கு ஜூலை 9 வரை 90 நாள் நிறுத்தம். 10% அடிப்படை மட்டும் தொடர்கிறது. "ரத்து" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு.

14 ஏப்ரல் 2025

ஸ்மார்ட்போன், கணினி, சில்லுகள் விலக்கப்பட்டுவிட்டன, 5 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போன் அசெம்பிளி செய்கிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. இதைச் செய்தது நிர்வாக ஆணைகூட இல்லை, 11-ஆம் தேதியிட்ட ஒரு குறிப்பாணை. வெள்ளை மாளிகையிலிருந்து வரும் காகிதத்துக்குப் பல பெயர் உண்டு: ஆணை, பிரகடனம், குறிப்பாணை. எதன் மேல் வழக்குப் போடலாம், எந்தச் சட்டத்தின் கீழ் என்பதற்கு அந்தப் பெயர் உதவும். சரக்குக்கு எத்தனை சதவீதம் என்பதைப் பின்னிணைப்புதான் சொல்லும்.

19 ஏப்ரல் 2025

அரசுக் கொள்முதல் பக்கம். மூன்று மாதத்துக்குள் வந்தவற்றை முதலில் அடுக்கிவிடுகிறேன், ஏனென்றால் தீர்வைச் சத்தத்தில் இவை யார் காதிலும் விழவில்லை.

ஜனவரி 21, ஆணை 14173: அரசு ஒப்பந்ததாரர்கள் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1965-இல் ஜான்சன் போட்ட 11246 ஆணையை ரத்து செய்தது. ஒப்பந்ததாரர் சட்டவிரோதமான பன்முகத்தன்மைத் திட்டம் எதையும் நடத்தவில்லை என்று சான்றளிக்க வேண்டும். அந்தச் சான்று பொய்யானால் பொய்க்கோரிக்கைச் சட்டத்தின் (அரசிடம் பொய் சொல்லிப் பணம் பெறுவதற்கு எதிரான சட்டம்) கீழ் வழக்கு வரலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் நஷ்டஈடு மூன்று மடங்கு. மார்ச் 14: கூட்டாட்சி ஒப்பந்தப் பணியாளருக்கு 15 டாலர் அடிப்படை வைத்த பைடன் ஆணை போனது. ஆனால் 2014-இல் ஒபாமா போட்டது அப்படியே இருக்கிறது, இந்த ஆண்டு அதன் விகிதம் மணிக்கு 13.30 டாலர். குறைந்தபட்சக் கூலியே இல்லை என்று நினைத்து விலைப்புள்ளி போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். மார்ச் 20, ஆணை 14240: ஆண்டுக்குச் சுமார் 490 பில்லியன் டாலர் அளவுக்குப் போகும் பொதுவான பொருள், சேவைக் கொள்முதலைப் பொதுச் சேவை நிர்வாக அமைப்பின் கீழ் குவிக்கச் சொல்கிறது. ஏப்ரல் 15, ஆணை 14275: கொள்முதல் விதித்தொகுப்பையே 180 நாளில் சுருக்கி எழுதச் சொல்கிறது. மறுநாள் 14271: எதையும் முடிந்தவரை சந்தையில் கிடைக்கும் வணிகப் பொருளாகவே வாங்கு என்கிறது.

இவற்றில் எதுவும் கையெழுத்தான நொடியில் உங்கள் பையரின் ஒப்பந்தத்தை மாற்றாது. தீர்வை ஆணை சுங்கக் கணினிக்குள் போய் வேலை செய்கிறது. கொள்முதல் ஆணை ஒப்பந்த ஷரத்துக்குள் போய்த்தான் வேலை செய்யும். முதலில் ஒவ்வொரு துறையும் விதிவிலக்கு அறிவிப்பு வெளியிட வேண்டும், பிறகு புது டெண்டரில் புது ஷரத்து வரும், பழைய ஒப்பந்தத்துக்கு இரு தரப்பும் திருத்தம் போட வேண்டும். ஆகவே டெண்டர் காகிதத்தில் ஒவ்வொரு ஷரத்தின் எண்ணுக்குப் பக்கத்திலும் உள்ள மாதம், ஆண்டைப் பாருங்கள். எந்தப் பதிப்பு உங்களைக் கட்டுகிறது என்பது அங்கே இருக்கிறது.

20 ஏப்ரல் 2025

இப்போது முதல் கேள்வியின் இரண்டாம் பாதி. விலை ஏற்ற வழியில்லை என்று உங்கள் பையர் சொன்னது முழு உண்மை இல்லை.

நிலைவிலை (முன்பே விலை நிர்ணயித்த) ஒப்பந்தங்களில் வரும், கொள்முதல் விதித்தொகுப்பின் 52.229-3 என்ற ஷரத்தைத் தேடச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தேதிக்குப் பிறகு புதிதாக வந்த, அல்லது உயர்ந்த கூட்டாட்சி வரியோ சுங்கத் தீர்வையோ இருந்தால் அந்த அளவுக்கு விலையைக் கூட்ட வேண்டும் என்கிறது அது. நிபந்தனை: இந்தத் தீர்வைக்காகத் தன் விலையில் முன்கூட்டியே எதையும் சேர்த்து வைக்கவில்லை என்று ஒப்பந்ததாரர் எழுத்தில் உறுதி தர வேண்டும். 250 டாலருக்குக் குறைந்த வித்தியாசத்துக்குக் கிடையாது. தீர்வை குறைந்தால் விலையும் குறையும், அதே ஷரத்து மறுபக்கமும் வெட்டும்.

ஷரத்து இல்லாமல், "அரசாங்கமே தீர்வை போட்டது, அரசாங்கமே ஈடு கட்டணும்" என்று கேட்டால் எடுபடாது. அரசு இறையாண்மையில் எல்லோருக்கும் பொதுவாகச் செய்த செயலுக்கு, ஒப்பந்தத் தரப்பாக அது பொறுப்பில்லை. 1925-ஆம் ஆண்டின் ஹோரோவிட்ஸ் வழக்கிலிருந்து இதுதான் நிலை.

27 ஏப்ரல் 2025

முந்தின குறிப்பைத் திருத்துகிறேன். இது முக்கியம், அதனால் அங்கே அழிக்காமல் இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பனியன் என்றால் அது பெரும்பாலும் வணிகப் பொருள் ஒப்பந்தமாகத்தான் இருக்கும். அதில் 52.229-3 இருக்காது. 52.212-4 என்ற பொது ஷரத்து இருக்கும், அதன் கே பிரிவில் ஒரே வரி: ஒப்பந்த விலையில் எல்லா வரிகளும் தீர்வைகளும் அடக்கம். பின்னால் வந்த தீர்வைக்கு நிவாரணம் என்ற பேச்சே அதில் இல்லை. உங்கள் பையரிடம் இருப்பது இந்தக் காகிதம் என்றால் அவர் சொன்னது சரி, நான் 20-ஆம் தேதி சொன்னது அவருக்குப் பொருந்தாது.

இதோடு 14271-ஐச் சேர்த்துப் பாருங்கள். எதையும் வணிகப் பொருளாக வாங்கு என்று அரசைத் தள்ளும் ஆணை அது. வணிகப் பொருள் ஒப்பந்தம் கூடினால் கே பிரிவு உள்ள ஒப்பந்தம் கூடும். கே பிரிவு கூடினால் தீர்வை ஏறும் சுமை ஒப்பந்ததாரர் தலையில் நிற்கும், அவர் அதை உங்கள் பக்கம் தள்ளுவார். ஒரே மாதத்தில் வந்த இரண்டு ஆணைகள், ஒன்று தீர்வையை ஏற்றுகிறது, மற்றொன்று அதை அரசிடம் திருப்பிக் கேட்கும் கதவைச் சாத்துகிறது. இப்படிச் சேர்த்து எழுதியவர்கள் திட்டமிட்டுச் செய்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் சிறிய சப்ளையருக்கு விளைவு ஒன்றுதான், அது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

வழி உண்டா? புது டெண்டரில் விலைப்புள்ளி போடும்போதே பொருளாதார விலைத் திருத்த ஷரத்து (செலவு மாறினால் விலையை மாற்ற விடுவது) கேட்கலாம். பொதுச் சேவை நிர்வாக அமைப்பின் பல்லாண்டு அட்டவணை ஒப்பந்தங்களில் அது ஏற்கெனவே உண்டு. கையெழுத்தான பிறகு கேட்டால் தயவு மட்டும்தான்.

29 ஏப்ரல் 2025 (கேள்வி கேட்டவர்)

பையரிடம் கேட்டேங்க. 52.212-4தான். கே பிரிவைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார். சரி, நாங்களே நேராக அங்கே அரசுக்குக் கொடுக்க முடியுமா? சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் தன் கம்பெனி பெயரில் போடலாம் என்கிறார்.

1 மே 2025

பெயரை மாற்றினால் பொருளின் பிறப்பிடம் மாறாது. சிங்கப்பூர் உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் உறுப்பு நாடு. இந்தியா 2010 முதல் பார்வையாளர் மட்டும். 1979-ஆம் ஆண்டின் வர்த்தக ஒப்பந்தச் சட்டப்படி, 174,000 டாலரும் அதற்கு மேலும் மதிப்புள்ள பொருள் கொள்முதலில் அமெரிக்காவின் அல்லது குறிப்பிட்ட நாடுகளின் பொருள்தான் செல்லும். பொருளுக்குப் பார்ப்பது அது எங்கே கணிசமாக உருமாறியது என்பதை. திருப்பூரில் தைத்த சட்டை சிங்கப்பூர் இன்வாய்ஸில் போனாலும் இந்தியச் சட்டைதான். அதைச் சிங்கப்பூர் என்று சான்றளித்தால் மேலே சொன்ன பொய்க்கோரிக்கைச் சட்டம் வரும். சேவைக்கு மட்டும் கணக்கு வேறு, அங்கே பார்ப்பது நிறுவனம் எங்கே நிறுவப்பட்டது என்பதை. பங்களாதேஷ் மிகப் பின்தங்கிய நாடு என்ற வகையில் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதைத் திருப்பூரில் பலர் கவனிப்பதில்லை.

பாதுகாப்புத் துறைக்குச் சட்டை கொடுப்பதை மறந்துவிடுங்கள். 1941 முதல் உள்ள பெர்ரி திருத்தப்படி பஞ்சிலிருந்தே அமெரிக்காவில் ஆக வேண்டும்.

உருமாற்றம் பற்றி மருந்துக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. 2020 பிப்ரவரியில் அசெட்ரிஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம், மூலமருந்து இந்தியாவில் செய்யப்பட்டாலும் மாத்திரை நியூஜெர்சியில் உருவானால் அது அமெரிக்காவில் செய்த பொருளே என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் அத்தியாவசிய மருந்துகளை அந்த வர்த்தக ஒப்பந்த வரம்பிலிருந்தே எடுக்கச் சொல்லி 13944 ஆணை வந்தது. தீர்ப்பு திறந்த கதவை ஆணை ஆறு மாதத்தில் மூடப் பார்த்தது.

12 மே 2025

174,000-க்குக் கீழே உள்ள கொள்முதலில் இந்தியப் பொருளுக்குத் தடை இல்லை, ஆனால் அமெரிக்கப் பொருளுக்குச் சலுகை உண்டு. இது முழுக்க ஆணைகளால் வளர்ந்த கதை. 1954-இல் ஐசனோவர் ஆணை உள்நாட்டு உதிரிப்பாக அளவை 50%, விலைச் சலுகையை 6% என்று வைத்தது. 2019-இல் டிரம்ப் 55 ஆக்கினார், பெரிய நிறுவனத்துக்கு 20%, சிறு நிறுவனத்துக்கு 30% விலைச் சலுகை. பைடனின் 2021 ஆணை வழியாக 2022 அக்டோபரில் 60, 2024-இல் 65, 2029-இல் 75. கட்சி மாறினாலும் இந்த எண் இறங்கியதில்லை.

இதில் தீர்வை எப்படி இரண்டு முறை கடிக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளிநாட்டு விலைப்புள்ளியைத் தீர்வையோடு சேர்த்து எடுத்துத்தான் அதன் மேல் 20% ஏற்றி ஒப்பிடுவார்கள். சரக்கு 60,000 டாலர், கப்பல் உள்ளிட்ட மற்றவை 10,000 என்று வைப்போம். தீர்வை 10% என்றால் 6,000, மொத்தம் 76,000, ஒப்பீட்டில் 91,200. தீர்வை 26% என்றால் 15,600, மொத்தம் 85,600, ஒப்பீட்டில் 102,720. தீர்வை ஏறியது 9,600. டெண்டரில் நீங்கள் பின்தங்கியது 11,520.

30 மே 2025

"கோர்ட்டில் விழும்" என்று முதல் நாளே சொன்னவர்களுக்கு: 28-ஆம் தேதி சர்வதேச வர்த்தக நீதிமன்றம் இந்தத் தீர்வைகள் செல்லாது என்றது. மறுநாளே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தது. ஆக இன்றைக்கும் 10% கட்டித்தான் ஆக வேண்டும். விலைப்பட்டியலை மாற்றாதீர்கள்.

5 ஜூன் 2025 (கோவையிலிருந்து ஒருவர் கேட்டதற்கு)

எஃகு, அலுமினியத்துக்கு நேற்று முதல் 50%. அது நிர்வாக ஆணை இல்லை, 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232-ஆம் பிரிவில் வந்த பிரகடனம். அவசரகாலச் சட்ட வழக்கு எப்படி முடிந்தாலும் இதைத் தொடாது. வார்ப்பிரும்பு, பம்ப், வால்வு செய்கிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள்.

19 ஆகஸ்ட் 2025

இடையில் நிறைய நடந்துவிட்டது. வரிசையாக:

ஜூலை 31 ஆணை, இந்தியாவுக்கு 25%, ஆகஸ்ட் 7 முதல். அதே ஆணையில் இலங்கை 20, பங்களாதேஷ் 20, வியட்நாம் 20, பாகிஸ்தான் 19. ஆகஸ்ட் 6 ஆணை 14329, ரஷ்ய எண்ணெய் காரணமாக இந்தியாவுக்கு மேலும் 25%, ஆகஸ்ட் 27 முதல். வழியில் உள்ள சரக்குக்கு இரண்டு தனித்தனி வாசல்: முதலாவதுக்கு, ஆகஸ்ட் 7-க்கு முன் ஏறி அக்டோபர் 5-க்கு முன் அங்கே தாக்கலாக வேண்டும். இரண்டாவதுக்கு, ஆகஸ்ட் 27-க்கு முன் ஏறி செப்டம்பர் 17-க்கு முன் தாக்கலாக வேண்டும். இரண்டாவது வாசல் மிகக் குறுகல். மூன்று வாரத்தில் கப்பல் சேராத துறைமுகமாக இருந்தால் ஏற்றியும் பயனில்லை.

நேற்று முதல் எஃகு, அலுமினிய வழிப்பொருள் (அவற்றால் செய்த பொருள்) பட்டியலில் 407 தீர்வை எண்கள் சேர்ந்தன. கோவை நண்பருக்கு: பம்ப் வகைகள் அதில் இருக்கின்றன. உலோக மதிப்பைத் தனியாகப் பிரித்து அதற்கு 50%, மீதிக்கு நாட்டு விகிதம். உலோக மதிப்பை ஆவணத்தோடு காட்ட முடியாவிட்டால் முழு மதிப்புக்கும் 50% போட்டுவிடுவார்கள். வார்ப்பகத்தின் பில், எடைக் கணக்கு, எஃகு எந்த நாட்டில் உருக்கி ஊற்றப்பட்டது என்ற மில் சான்று, மூன்றையும் ஷிப்மென்டோடு அனுப்புங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ஜூலை 31 ஆணையில், தீர்வையைத் தவிர்க்க வேறு நாட்டு வழியாகச் சுற்றி அனுப்பியதாகச் சுங்கத்துறை கண்டால் 40%, அதற்கு மேல் அபராதம், தள்ளுபடி கிடையாது. கொழும்பிலோ துபாயிலோ லேபிள் மாற்றலாம் என்று யோசனை சொல்பவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். கொழும்பில் கப்பல் மாறுவது வேறு, அது வெறும் போக்குவரத்து. பிறப்பிடத்தை மாற்றிச் சொல்வதுதான் குற்றம்.

21 ஆகஸ்ட் 2025 (கேள்வி கேட்டவர்)

அமெரிக்கப் பஞ்சு வாங்கினால் டியூட்டி குறையும் என்று சங்கத்தில் பேசுகிறார்கள். நம் அரசும் 19-ஆம் தேதி முதல் பஞ்சுக்கு 11% இறக்குமதித் தீர்வையைத் தற்காலிகமாக நீக்கிவிட்டது. உண்மையாங்க?

22 ஆகஸ்ட் 2025

விதி இருக்கிறது. பொருளின் மதிப்பில் 20 சதவீதமாவது அமெரிக்காவில் உருவானதாக இருந்தால், பரஸ்பரத் தீர்வை (ஏப்ரல் ஆணையில் தொடங்கிய நாட்டு விகிதம், இப்போது 25%) மீதிப் பகுதிக்கு மட்டும். தாக்கல் செய்யும்போது சரக்கை இரண்டு வரியாகப் பிரித்து அமெரிக்கப் பகுதியை 9903.01.34 எண்ணில் போட வேண்டும்.

நல்ல செய்தியாகத்தான் எனக்கும் முதலில் பட்டது. கணக்குப் போட்டால் சுருங்கிவிடுகிறது. 150 கிராம் டி-ஷர்ட். நூற்பு, பின்னல், சாயம், வெட்டு எல்லாவற்றிலும் போகும் கழிவைச் சேர்த்து மூன்றில் ஒரு பங்கு போகிறது என்று வைத்தால் கிட்டத்தட்ட 230 கிராம் பஞ்சு வேண்டும். பஞ்சு பவுண்டுக்கு 70 சென்ட் என்றால் கிலோ 1.54 டாலர், ஆக ஒரு சட்டைக்கு 35.4 சென்ட். அது 20 சதவீதமாக இருக்க வேண்டுமானால் சட்டையின் எஃப்.ஓ.பி. விலை (கப்பலில் ஏற்றும்வரையான விலை) 1.77 டாலருக்குள் இருக்க வேண்டும். சாதா ரவுண்டு நெக் அந்த 20 சதவீதத்தைத் தாண்டும். பிரிண்ட், எம்ப்ராய்டரி, குழந்தை ஆடை செட் தாண்டாது. விலையேறிய சட்டையில் அமெரிக்கப் பஞ்சின் பங்கு அவ்வளவு சிறியது.

இன்னும் இரண்டு முடிச்சு. ஆகஸ்ட் 6 ஆணையில் இந்த 20% விலக்கு எழுதப்படவில்லை, ஆகவே இரண்டாவது 25% முழு மதிப்புக்கும் வரும். அடுத்து, முழுவதும் அமெரிக்காவில் உருவான அல்லது அங்கே உருமாறிய உறுப்பு என்று ஆணை கேட்கிறது. இங்கே வந்து நூலாகி, துணியாகிவிட்ட பஞ்சை அப்படி ஏற்பார்களா என்பதற்குப் பையர் சுங்கத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் முடிவு வாங்க வேண்டும். பேல் (பஞ்சுப் பொதி) எண்ணிலிருந்து சட்டை லாட் வரை தொடர் ஆவணம் இல்லாத மில்லில் நூல் வாங்கினால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

26 ஆகஸ்ட் 2025

நாளை முதல் உண்மையான கணக்கு. 10,000 காட்டன் டி-ஷர்ட், 4 டாலர், மொத்தம் 40,000. வழக்கமான தீர்வை 16.5%, 6,600. கூடுதல் 50%, 20,000. சுங்கக் கையாள் கட்டணம் 0.3464%, 138.56. துறைமுகப் பராமரிப்புக் கட்டணம் 0.125%, 50. ஆக 26,788.56 டாலர். அதே சட்டை பங்களாதேஷிலிருந்து என்றால் தீர்வை மட்டும் 36.5%, 14,600. இந்த 12,000 டாலர் இடைவெளியை உங்கள் லாபத்தில் ஈடுகட்ட முடியாது. 5, 8 என்று தள்ளுபடி கேட்கும் பையரிடம் இந்தத் தாளை நேராக வையுங்கள். எவ்வளவு காலத்துக்கு, எந்த ஆர்டருக்கு என்று வரையறுக்காமல் தலையாட்டாதீர்கள்.

டி.டி.பி. முறையில் (தீர்வையையும் விற்பவரே கட்டிச் சரக்கைச் சேர்ப்பது) அனுப்புகிறவர்களுக்கு: அங்கே இறக்குமதியாளர் நீங்கள்தான். தொடர் பாண்டு (தீர்வைக்கான உத்தரவாதப் பத்திரம்) கடந்த 12 மாதத்தில் கட்டிய தீர்வையில் 10%, குறைந்தது 50,000 டாலர். தீர்வை நான்கு மடங்கானால் பாண்டு போதாது என்று நோட்டீஸ் வரும், அதைத் தீர்க்கும்வரை பெட்டி நகராது. முன்கூட்டியே உயர்த்திவிடுங்கள்.

ஆன்லைனில் சேலை, பித்தளை விளக்கு விற்கும் சிறியவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரிகிறது. 29-ஆம் தேதி முதல் 800 டாலர் வரையிலான தீர்வையில்லாச் சலுகை எல்லா நாட்டுக்கும் நிற்கிறது. அஞ்சல் துறை நேற்றிலிருந்தே பதிவை நிறுத்திவிட்டது, கடிதமும் 100 டாலர் வரையிலான அன்பளிப்பும் மட்டும் எடுக்கிறார்கள். விற்ற பொருளை அன்பளிப்பு என்று எழுதி அனுப்பாதீர்கள்.

2 செப்டம்பர் 2025

29-ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்ற கணக்கில் தீர்வைகள் செல்லாது என்றது. ஆனால் அக்டோபர் 14 வரை தீர்ப்பு அமலாகாது. மறுபடியும் அதேதான், கட்டிக்கொண்டே இருங்கள்.

இப்போது எனக்கு உறுத்துவது வேறு. தீர்வை ஒருநாள் திரும்பக் கிடைத்தால் யாருக்குக் கிடைக்கும்? தாக்கலில் இறக்குமதியாளராகப் பெயர் உள்ளவருக்கு. தீர்வைக்காக 10% தள்ளுபடி கொடுத்த திருப்பூர்க்காரருக்குச் சட்டப்படி ஒரு காசு உரிமை இல்லை, காகிதத்தில் எழுதியிருந்தால் ஒழிய. ஆகவே தள்ளுபடி கொடுக்கும் ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பத்தி சேருங்கள்: இந்த ஆர்டருக்கு இந்த ஆணைகளின் எண்களின் கீழ் கட்டிய கூடுதல் தீர்வை முழுதாகவோ பகுதியாகவோ திரும்பினால், சப்ளையர் கொடுத்த தள்ளுபடியின் விகிதத்தில் அந்தத் தொகை 30 நாளுக்குள் சப்ளையருக்குச் சேர வேண்டும், பையர் தாக்கல் எண்ணையும் தேதியையும் தர வேண்டும். தள்ளுபடியை இன்வாய்ஸ் விலையைக் குறைத்துக் காட்டாமல் தனி வரியில் காட்டுங்கள். விலைக்குள் கரைத்துவிட்டால் பின்னால் நிரூபிக்க முடியாது.

4 செப்டம்பர் 2025

மேலே "தனி வரியில்" என்று சொன்னதற்கு ஒரு திருத்தம். சுங்க மதிப்பு உண்மையில் செலுத்திய விலைதான். தனி வரியில் தள்ளுபடி காட்டினாலும் இறுதித் தொகை சரியாக அந்த விலையாக இருக்க வேண்டும், ஏற்றுமதிக்கு முன்பே ஒப்புக்கொண்டதாகவும் இருக்க வேண்டும். சரக்கு அங்கே இறங்கிய பிறகு கொடுத்த கழிவைச் சுங்கத்துறை கணக்கில் எடுக்காது; பையர் பழைய விலைக்கே தீர்வை கட்டுவார்.

20 அக்டோபர் 2025

இரண்டு சிறு செய்தி. அஞ்சல் துறை 15-ஆம் தேதி முதல் அமெரிக்காவுக்கு மறுபடி எடுக்கிறது, அறிவித்த எஃப்.ஓ.பி. மதிப்பில் 50% தீர்வையை இங்கேயே வசூலித்து. கொள்முதலில், அக்டோபர் 1 முதல் சிறுகொள்முதல் வரம்பு 10,000-லிருந்து 15,000 டாலர், எளிய கொள்முதல் வரம்பு 250,000-லிருந்து 350,000. சிறுகொள்முதலில் அமெரிக்கப் பொருளுக்கான விலைச் சலுகை கிடையாது. ஆகவே முன்பு 12,000 டாலர் ஆர்டரில் 20% பின்தங்கிய இந்தியப் பொருள் இப்போது சம தரையில் நிற்கும். அங்கே அரசு அலுவலகம் மூடிக் கிடப்பதால் ஆர்டர் வரத் தாமதமாகும்.

6 நவம்பர் 2025

நேற்று உச்ச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. தீர்ப்பு எப்போது, எப்படி என்று ஊகம் கேட்காதீர்கள். தேதிக் கணக்கு மட்டும் செய்து வையுங்கள்.

சுங்கத் தாக்கல் ஒன்று பொதுவாக 314-ஆம் நாள் முடித்துவைக்கப்படும், அதாவது அதன் தீர்வைக் கணக்கு இறுதியாகும். 5 ஏப்ரல் 2025 தாக்கல் 13 பிப்ரவரி 2026-இல் முடியும். முடிந்ததிலிருந்து 180 நாளுக்குள் ஆட்சேபம் போடலாம், அதாவது 12 ஆகஸ்ட் 2026 வரை. தீர்ப்பு சாதகமாக வந்தாலும் இந்தக் கெடுவைத் தவறவிட்ட தாக்கலுக்குப் பணம் தானாகத் திரும்பும் என்று நம்பக் கூடாது. பையர் தன் பெயரில் வர்த்தக நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டிருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

8 நவம்பர் 2025 (கேள்வி கேட்டவர்)

ஏப்ரலில் நீங்கள் சொன்னபடி ஆன்போர்டு தேதியோடு இரண்டு பெட்டியும் 10% இல்லாமல் போய்விட்டதுங்க. ஆகஸ்டுக்குப் பிறகு போன 11 ஆர்டரில் ஒன்பதுக்குப் பையர் அந்த முப்பது நாள் பத்தியை ஏற்றுக் கையெழுத்துப் போட்டார். இரண்டுக்கு மறுத்தார், அதற்குத் தள்ளுபடி கொடுக்கவில்லை. தாக்கல் எண்ணை எப்படிக் குறித்து வைப்பது?

8 நவம்பர் 2025

ஒரு தாள் போதும். ஆர்டர் எண், பில் ஆஃப் லேடிங் எண், அங்கே தாக்கலான தேதி, அவர்களின் 11 இலக்கத் தாக்கல் எண், கட்டிய கூடுதல் தீர்வை எந்த 99 எண்ணில் எவ்வளவு, நீங்கள் கொடுத்த தள்ளுபடி, 314-ஆம் நாள், அதிலிருந்து 180-ஆம் நாள். ஏப்ரல் முதல் போனவற்றையும் சேருங்கள், 10% கட்டியவற்றையும். தாக்கல் சுருக்கத்தின் நகல் 7501 படிவத்தில் இருக்கும். ஒன்பது ஆர்டருக்கும் அதைப் பையரிடம் இந்த வாரமே கேட்டு வாங்குங்கள்.